ஏட்டை ஆற்றில் விட்ட தையல்நாயகியார்

காவிரிக் கரையில் இருந்த ஓர் ஓவியக் கல்லூரியின் நூலகத்தில் கூட்டிப் பெருக்கும் திருப்பணி செய்து வந்தவர் தையல்நாயகி அம்மையார். தினக்கூலி, எழுத்து வாசனை இல்லாதவர், தமக்கென்று ஒரு நாதியும் இல்லாதவர். ஆனால் அந்த நூலகமே அவருக்குக் கோயில். பிள்ளைகள் கரியும் சாயமும் அப்பிய கைகளோடு ஓடிவருவார்கள். அம்மையார் வாசலில் வாளித் தண்ணீரும் தோளில் துண்டுமாக நிற்பார். "கையைக் கழுவிட்டுப் போ பாப்பா, உள்ள சாமி இருக்கு" என்பார். பாயில் குப்புறப் படுத்து வரைகிற பிள்ளைகளுக்காக, தச்சரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் குட்டைப் பலகைகள் செய்து போட்டிருந்தார். புத்தகமும் தரையில் படக்கூடாது, பிள்ளைகளுக்கும் முதுகு நோகக்கூடாது. அதுதான் அவர் கவலை.

அங்கே ஓர் ஏடு இருந்தது. கல்லூரியின் முதல் ஆசிரியர், காலமாகிவிட்ட பெரியவர், ஆடல்வல்லானின் முப்பத்திரண்டு கோலங்களைத் தம் கையால் வரைந்து தைத்தது. அச்சேறாதது, உலகத்தில் வேறு பிரதி கிடையாது. தூசி தட்டும் சாக்கில் அம்மையார் அதைத் தினமும் பக்கம் பக்கமாகத் தரிசிப்பார். "படிக்கத் தெரியாதவங்க படிக்கிற ஒரே புஸ்தகம்" என்று நூலகர் வேதமூர்த்தி கேலி செய்வார். கேலிக்கென்ன, காசா பணமா? அம்மையார் சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார்.

விதி ஒரு வெள்ளிக்கிழமை விளையாடியது. கிழிந்த நூல்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடப் பிரித்தார்கள். தைக்கக் கொடுக்க வேண்டியவை பக்கத்திலேயே கிடந்தன. எது எதற்கென்று ஒரு சீட்டு. அதை அம்மையார் எங்கே படிக்க? தைக்க வைத்திருந்த குவியலில் தையல் விட்டுக் கிடந்த ஏட்டைக் கண்டதும், அதுவும் கடைக்குத்தான் போகிறது என்று நினைத்து அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார். 'ஐயோ, என் அப்பன் முகத்துல கடலை மடிப்பாங்களே!' சிதைந்த சாமி படத்தை நாம் என்ன செய்வோம்? ஆற்றில் விடுவோம். அதையேதான் அவரும் செய்தார். பூவும் வெற்றிலையும் வைத்து, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, அழுதுகொண்டே ஏட்டைக் காவிரியில் விட்டார்.

மறுநாள் கல்லூரியே கொந்தளித்தது. "ஆத்துல விட்டாங்களாம்! யார் காதுல பூ சுத்துறது? எவன்கிட்டயோ வித்துட்டாங்க சார்" என்றார் வேதமூர்த்தி. முதல்வர் கோதண்டபாணி அந்தப் பெரியவரின் மாணவர்.

"மூணு நாள்மா. ஏடு வரலேன்னா நீங்க இந்த வாசப்படி ஏறக்கூடாது."

கூலி போனால் போகட்டும். அந்தப் படி இல்லாமல் அம்மையார் எப்படி உயிர் தரிப்பார்? சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். ஒவ்வொரு படித்துறையிலும் நாணலை விலக்கிப் பார்த்தார். "ஆடத் தெரிஞ்சவனுக்கு நீந்தத் தெரியாதா? வாயேன்" என்று ஆற்றைப் பார்த்துச் சண்டை போட்டார். கண்டவர்கள் பித்து என்றார்கள். ஒருமுறைகூட அவர் தம் அப்பனை விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வெறுங்கையோடு நூலக வாசலுக்கு வந்தார். பர்வீன் என்ற மாணவி அவர் கையைப் பிடித்தாள். "அக்கா, தினம் பாத்தீங்கல்ல? சொல்லுங்க. நாங்க வரையிறோம்."

முப்பது பிள்ளைகள் குட்டைப் பலகைகளின் முன் அமர்ந்தார்கள். அம்மையாரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பலகைக்குப் பலகை ஓடினார். "இடுப்பு இன்னும் ஒடியணும் தம்பி... அந்தச் சடை இடது பக்கம் ரெண்டு விரக்கடை தள்ளி... பாம்பு சிரிக்கும் பாப்பா, முறைக்காது!" அடேயப்பா, என்ன ஞாபகம்! மாலைக்குள் முப்பத்தொரு கோலங்கள் எழுந்தன.

"கடைசிப் பக்கம்?" என்றாள் பர்வீன்.

அம்மையார் உடைந்து அழுதார். "அதுல அப்பன் முகம் மட்டும் பெருசா இருக்கும்னாங்க. அந்தப் பக்கம் வந்ததும் கண்ண மூடிக் கும்பிட்டுருவேன். ஒருநாளும் பாத்ததில்லடி!"

வெற்றுத் தாளின் முன் அமர்ந்து கண்ணை மூடினார். அப்போது ஈர வேட்டியோடு ஒருவர் வந்தார். வாசல் வாளியில் கை கழுவினார். ஓவிய வகுப்பில் பார்த்து வரைவதற்காக உட்கார வந்த ஆள் போலும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். கரித்துண்டை எடுத்தார், நாலே இழுப்பு. குனிந்து அம்மையார் காதருகே சொன்னார்:

"இத்தனை வருஷமா தினம் வந்தே. மூஞ்சியைப் பாக்க மட்டும் என்ன வெக்கம்?"

அம்மையார் கண் திறந்தார். ஆளில்லை. தாளில் முகம் இருந்தது. அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு முதல்வர் வந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் கடைசித் தாளில் உறைந்தார். "இது எங்க வாத்தியார் கோடு. புருவத்தை மூக்கோட சேத்து இழுக்கிறது அவர் ஒருத்தர்தான். யார் வரைஞ்சா?" பிள்ளைகள் வாசலைக் காட்டினார்கள். படியில் ஈரக் காலடிகள் இருந்தன. உள்ளே வருபவை மட்டும். வெளியே போனதற்குத் தடமே இல்லை. வேதமூர்த்தி தலை குனிந்து நின்றார்.

"ஏடு கிடைக்கலீங்க ஐயா" என்றார் அம்மையார், தாளிலிருந்து கண்ணெடுக்காமலே.

"கிடைச்சிடுச்சும்மா" என்று முதல்வர் அவர் காலடியில் அமர்ந்தார்.

எழுத்தறியாமலே ஏட்டின் பொருளை அறிந்த தையல்நாயகியார்க்கு நாமும் அடியோம்.