வாலப்பனின் முப்பது பொந்துகள்

ஒரு காட்டில், ஓடைக்கரை ஓரமாக, ஓர் அத்தி மரம் நின்றது. பெரிய மரம் என்றால் சும்மா இல்லை பிள்ளைகளே, நாலு யானைகள் துதிக்கை கோத்து நின்றாலும் அடிமரத்தைச் சுற்றி வளைக்க முடியாது. அதில் மொத்தம் முப்பது பொந்துகள். முப்பதையும் கொத்தியது செவ்வந்தி என்ற மரங்கொத்தியும் அவளுடைய சனமும்தான்.

மரங்கொத்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு புதுப் பொந்து கொத்தும். குஞ்சு பொரித்துப் பறக்கவிட்டதும் பொந்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். விட்ட பொந்துக்கு யார் வேண்டுமானாலும் குடிவரலாம். மைனா வரும், ஆந்தை வரும், அணில் வரும். குடிவந்தவர் வாசலில் ஒரு பச்சை இலையைச் செருகி வைப்பார். உள்ளே ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இலை காய்ந்து சருகானால் பொந்து காலி. இவ்வளவுதான் சட்டம். இதற்குப் பஞ்சாயத்தும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

அந்த மரத்தின் கிளையில் வாலப்பன் என்று ஒரு குரங்கு இருந்தான். கண்ணில் பட்டதெல்லாம் கைக்கு வந்தாக வேண்டும், அதுதான் அவன் குணம். ஒரு நாள் மத்தியானம், வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தவன், காலியாகக் கிடந்த பன்னிரண்டு பொந்துகளிலும் பன்னிரண்டு பச்சை இலைகளைச் செருகினான். அவனால் எந்தப் பொந்துக்குள்ளும் தலையைத் தவிர வேறொன்றையும் நுழைக்க முடியாது. ஆனாலும் செருகினான்.

சாயங்காலம் பெண்டாட்டியோடு வீடு தேடி வந்தது ஒரு மைனா.

"உள்ளே யாரு இருக்கா?"

"என் சாமான் இருக்கு" என்றான் வாலப்பன்.

"என்ன சாமான்?"

"இலை. ரெண்டு அத்திப்பழம் கொடு, எடுத்துக்கிறேன்."

பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். மைனாவுக்கு மானம் பெரிதாகப் போயிற்று, கொடுத்துவிட்டது. அவ்வளவுதான், வாலப்பனுக்கு ருசி கண்டுவிட்டது! யாராவது இரை தேடப் போய் நேரமாகி, வாசல் இலை லேசாக வாடினால் போதும். வந்து பார்த்தால் அங்கே வாலப்பனின் புது இலை இருக்கும். இப்படியே முப்பது பொந்தும் அவன் பேருக்கு வந்துவிட்டது.

இந்தச் சங்கதி பவளாயி என்ற கிளியின் காதில் விழுந்தது. ஒரு முறை கேட்டதைப் பத்து முறை சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. "பொந்து விலை ஏறுது! ஏறுது! ஏறுது! கிழக்குப் பார்த்த வாசல்! நல்ல காத்து! இன்னைக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காது!" என்று காடு முழுக்கக் கத்திக்கொண்டு பறந்தாள். இரண்டு பழம் நாலாயிற்று, நாலு எட்டாயிற்று. அது போதாதென்று, குடியிருக்கத் தினமும் வாடகை வேறு.

கோட்டுச்சாமி என்ற அணில் இருந்தான். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்க்கிறவன். இரண்டு வருஷமாகச் சேர்த்த அத்தனை கொட்டைகளையும் கொண்டுபோய் வாலப்பன் முன்னால் கொட்டினான். அதற்கு அரைப் பொந்துதான் கிடைத்தது.

"வால் வெளியே கிடக்குதே கோட்டு, மழையில நனையுமே?" என்று செவ்வந்தி கேட்டாள்.

"நனைஞ்சா நனையட்டும். அடுத்த மாசம் இதே அரைப் பொந்து பதினாறு பழத்துக்குப் போகும் தெரியுமா?"

"சரி, அதுவரைக்கும் தின்ன என்ன வச்சிருக்கே?"

கோட்டுச்சாமி காதில் விழாதவன் போல மீசையைத் தடவிக்கொண்டான்.

வாடகை கட்ட முடியாமல் ஆந்தை மலைக்குப் போயிற்று. ஆந்தை போனதும் எலிகள் வந்து உதிர்ந்த பழங்களைத் தின்றன. அதற்கெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்? பிடித்த பொந்தைக் கைவிடாமல் இருக்கத் தினமும் பச்சை இலை வேண்டுமே! விடிந்தால் எல்லோரும் அதே மரத்தின் இலையைப் பறித்தார்கள். வாடும் முன்பே பறித்தார்கள், வாடாமலே பறித்தார்கள். உச்சியிலிருந்து மரம் மொட்டையாகிக்கொண்டு வந்தது.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. செவ்வந்தியின் வயிற்றில் முட்டை. இந்த ஆண்டுப் பொந்தைக் கொத்த அவள் தெற்குப் பக்கத் தண்டில் போய் ஒட்டினாள். அங்கே, பொந்தே இல்லாத வெறும் பட்டையில், பிசின் தடவி ஓர் இலை ஒட்டியிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. பக்கத்தில் இன்னும் ஏழு.

"இதென்ன அண்ணே, இங்கே பொந்தே இல்லையே!"

"வரப்போற பொந்து" என்றான் வாலப்பன். "ஒம்பதையும் வித்தாச்சு."

"யார் கொத்துறது?"

"நீதான்!"

செவ்வந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்போ நான் எங்கே இருக்கிறது?"

"பத்துப் பழம் முன்பணம். தினம் ரெண்டு பழம் வாடகை. நீ நம்ம ஆளு, அதனால முன்பணத்துல ஒண்ணு குறைச்சுக்கிறேன்."

"நான் பழம் தின்கிற சாதி இல்லையே அண்ணே. மரத்தைத் துளைக்கிற புழுதான் என் சாப்பாடு. பழத்துக்கு எங்கே போவேன்?"

"புழுவைக் கொடுத்துப் பொந்து வாங்க முடியுமா?" என்று வாலப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பவளாயியும் "புழு! புழு! புழு!" என்று சிரித்தாள்.

சனத்தோடு சேர்ந்து முப்பது வாசலையும் அலகு தேயத் தேயக் கொத்திய செவ்வந்தி, கடைசியில் தன் முட்டைக்கு ஒரு வாசல் இல்லாமல் பறந்தாள். ஓடையைத் தாண்டி, கரட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம், இடி விழுந்த ஒரு மொட்டைப் பனை நின்றது. நிழலும் இல்லை, அக்கம்பக்கமும் இல்லை. வேறு வழி? கொத்தினாள். ஒன்பதாம் நாள் மூன்று முட்டைகள் இட்டாள்.

இங்கே அத்தி மரத்தில் என்ன நடந்தது என்கிறீர்களா? செவ்வந்தியின் சனமும் வேறு மரம் தேடிப் போய்விட்டது. கொத்தித் தின்ன ஆள் இல்லாமல் புழுக்கள் கொழுத்தன. பட்டையைத் துளைத்து, தண்டுக்குள் இறங்கி, அரைக்க ஆரம்பித்தன. அடியில் மரத்தூள் குவியல் குவியலாக விழுந்தது. அதைப் பார்த்துப் பவளாயிக்கு ஒரே குதூகலம். "புதுப் பொந்து வேலை ஆரம்பிச்சாச்சு! ஆரம்பிச்சாச்சு! ஆரம்பிச்சாச்சு!" என்று கத்தினாள். விலை இன்னும் இரண்டு பழம் ஏறிற்று.

ஏறி என்ன பயன்? இலை இல்லாத மரம் எங்கே காய்க்கும்? பழம் நின்றுபோயிற்று. பழம் இல்லாதவர்கள் வாடகை கட்ட முடியாமல் ஒவ்வொருவராகக் காலிசெய்து போனார்கள். மைனாவும் பெண்டாட்டியும் ஒரு பாறை இடுக்குக்குப் போனார்கள்.

"விலையைக் கொஞ்சம் இறக்கலாமே அண்ணே" என்று கோட்டுச்சாமி கெஞ்சிப் பார்த்தான்.

"காலியாக் கிடந்தாலும் கிடக்கட்டும், இறக்க மாட்டேன்! எல்லாரும் ஒரு நாள் திரும்பி வந்து என் காலில் விழுவாங்க" என்றான் வாலப்பன். மிச்சமிருந்த இலைகளையும் பறித்து, காலிப் பொந்துகளில் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே சொன்னான்.

கோட்டுச்சாமிக்கு அரைப் பொந்தில் இருப்புக்கொள்ளவில்லை. சுவரில் காதை வைத்தால் உள்ளே கறுக் கறுக்கென்று சத்தம். ஒரு காலையில் கரட்டைத் தாண்டி ஓடிப்போய், "தங்கச்சி, மரத்துக்குள்ளே யாரோ மென்னுக்கிட்டே இருக்காங்க" என்றான்.

செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. அது அவள் பிறந்த மரம். முட்டைகளைத் தன் வீட்டுக்காரனிடம் விட்டுவிட்டு ஒரே பறப்பாகப் பறந்து வந்தாள். தண்டைத் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, புழு உள்ளே இறங்கிடுச்சு. இன்னும் காப்பாத்தலாம். காலியாக் கிடக்கிறதுல ஒரே ஒரு பொந்து விடுங்க. குடும்பத்தோட வந்துடறேன், என் சனத்தையும் கூட்டிட்டு வரேன். நாங்க குடியிருந்தாலே போதும், ஒரு புழு மிஞ்சாது."

"வாடகை?"

"மரமே போகப்போகுதுன்னு சொல்றேன், வாடகை கேக்கறீங்களே!"

"உனக்கு ஓசியில கொடுத்தா நாளைக்கு எல்லாரும் ஓசியில கேப்பாங்க. என் விலை என்ன ஆகும்? ஒண்ணு செய். குடியிருப்பு பனையில இருக்கட்டும், தினம் இங்கே வந்து வேலை பார்த்துட்டுப் போ."

"வரப் போகவே பொழுது போயிடும் அண்ணே. நான் எப்போ கொத்துறது, எப்போ அடைகாக்கிறது?"

"அது உன் பாடு."

"அப்போ மரம் உங்க பாடு" என்று சொல்லிவிட்டு செவ்வந்தி திரும்பிப் பறந்தாள். ஓடையைத் தாண்டும்வரை அவள் கண் கலங்கியே இருந்தது.

பனையில் முட்டைகள் பொரிந்த மூன்றாம் நாள், மத்தியானத்தில், மழை இறங்கியது. கூடவே பேய்க்காற்று. அத்தி மரம் முதலில் முனகியது. பிறகு நடுவில் மளமளவென்று முறிந்து, முப்பது பொந்துகளோடும், கொத்தாத ஒன்பது பொந்துகளோடும், ஓடைக்கரையில் மல்லாந்து விழுந்தது. கோட்டுச்சாமி வாலோடு தப்பியதே பெரும்பாடு. நனைந்த வாலை இழுத்துக்கொண்டு பனையடியில் வந்து நின்றான். கொட்டையும் இல்லை, பொந்தும் இல்லை. அழுதான். செவ்வந்தி வாடகை கேட்கவில்லை. பனையின் அடியில் இருந்த ஓர் இடுக்கை அலகால் நாலு கொத்துக் கொத்தி அகலமாக்கி, "வாலையும் உள்ளே இழுத்துக்கோ" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் வாலப்பனும் வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். உட்காரக் கிளையில்லை, ஒதுங்க நிழலில்லை. ஆனால் பழக்கம் விடுமா? கையில் ஒரு பச்சை இலை இருந்தது. மெதுவாகப் பனையில் ஏறி அதைச் செவ்வந்தியின் வாசலில் செருகப் பார்த்தான். உள்ளேயிருந்து மூன்று நாள் குஞ்சு ஒன்று இரை வந்துவிட்டது என்று நினைத்து அவன் விரலைக் கவ்வியது.

"ஐயோ! தங்கச்சி, மழை விடும்வரைக்கும் ஒண்டிக்கக் கொஞ்சம் இடம்..."

"உங்களுக்கு என்ன குறைச்சல் அண்ணே?" என்றாள் செவ்வந்தி. "உங்க பேர்ல முப்பது பொந்து இருக்கே. எதுல பிடிக்குதோ அதுல இருங்க."

மறுநாள் காலையிலும் மழை விடவில்லை. குஞ்சுகளுக்கு இரை வேண்டுமே என்று செவ்வந்தி விழுந்த மரத்தைத் தேடி வந்தாள். புழுவுக்கா அங்கே பஞ்சம்! ஒரு பொந்தின் வாசலில் பெரிதாக ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. முதுகு வெளியே, கால் வெளியே, வால் ஓடைத் தண்ணீரில் மிதந்தது. மேலே பவளாயி இறகெல்லாம் ஒட்டிப்போய் உட்கார்ந்து, "விலை ஏறும்... ஏறும்..." என்று தொண்டை கட்டிய குரலில் முனகிக்கொண்டிருந்தாள்.

செவ்வந்தி மரத்தை டொக் டொக்கென்று தட்டினாள்.

"உள்ளே ஆள் இருக்கா?"

பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தலை மட்டும் இருக்கு."

நீதி: குடியிருக்காதவன் வீடுகளை அடைத்து வைத்தால், குடியிருப்பவனும் போவான், வீடும் போகும், அடைத்தவனும் நனைவான்.