புள்ளி வைக்காத திட்டுகள்

அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் குரு வயதில் சின்னவர், சீடர் பெரியவர். பேராசிரியர் ரெஜினாவிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தபோதே டாக்டர் திருமாறனுக்குத் தலை நரைத்திருந்தது. அரசு மருத்துவமனையில் காலமெல்லாம் நோயாளிகளைப் பார்த்த மனிதர், இங்கே வந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் அளக்கும் பைப்பெட் பிடிக்கப் பழகினார். சும்மா சொல்லக்கூடாது, பழகியதைச் சுத்தமாகச் செய்வார்.

அவர் தம்பி செழியனுக்குக் குடலில் புற்றுநோய். இரண்டு தடவை கீமோ ஏற்றியதில் ஆள் பாதியாகிவிட்டான். இதற்கு நடுவே திருமாறன் ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து, தட்டில் வளர்த்த குடல் புற்றுச் செல்களைக் கொல்வதுபோல் தெரிந்தது. அதை வாய் தவறித் தம்பியிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தம்பி பிடித்துக்கொண்டான்.

"இனிமே அந்த ஊசி வேண்டாம்ண்ணா. உன் மருந்தையே குடு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் ஆஸ்பத்திரி பக்கமே போகமாட்டேன்."

அன்றிலிருந்து திருமாறனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் குருவிடம் கேட்டே விட்டார்.

"மேடம், நான் பார்க்க ஆசைப்படறதைத்தான் பார்க்கிறேனோன்னு பயமா இருக்கு. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ரெஜினா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த சோதனைக்குத் தட்டெல்லாம் நான் போட்டு வைக்கிறேன். நீங்க தம்பி கூட இருங்க. எண்ணுறதுக்கு வந்தா போதும்."

கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் தம்பியிடம் போனார்.

எண்ணுவது என்றால் இதுதான். தட்டில் தப்பிப் பிழைத்த செல் ஒவ்வொன்றும் பெருகிப் பெருகி ஒரு திட்டாகும். ஊதாச் சாயம் ஏற்றினால் திட்டு கண்ணுக்குத் தெரியும். ஐம்பது செல்லாவது தேறினால்தான் அது கணக்கில் சேரும். எண்ணியதையே மறுபடி எண்ணிவிடாமல் இருக்க, எண்ணிய திட்டுக்குத் தட்டின் அடிப்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். திட்டு குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

மூன்றாவது கீமோவுக்கு முந்தின நாள் திருமாறன் எண்ண உட்கார்ந்தார். ஒரு வரிசைத் தட்டுகளில் 'மருந்து' என்று லேபிள். இன்னொரு வரிசையில் 'மருந்தில்லை'. பாதியில் ஃபோன் அடித்தது.

"என்னாச்சுண்ணா? நாளைக்குப் போகணுமா, வேண்டாமா?"

"எண்ணிக்கிட்டிருக்கேன்டா. கொஞ்சம் பொறு."

எண்ணி முடித்துவிட்டு அப்படியே குருவின் மேசைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மருந்துத் தட்டுல நல்லாவே குறைஞ்சிருக்கு மேடம். போன தடவை மாதிரியேதான். நாளைக்குப் போக வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடப் போறேன்."

"பயம் போயிடுச்சா?"

"எங்க போகுது. வேலை செய்யற மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு அவனைச் சாக விட்டுட்டேன்னா? இப்ப அந்தப் பயம்தான் பெரிசா இருக்கு."

ரெஜினா எழுந்து வந்தார். மருந்துத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து விளக்குக்கு மேலே பிடித்தார்.

"இந்தத் திட்டுக்குப் புள்ளி வைக்கலையே?"

"அது சின்னது மேடம். ஐம்பது தேறாது."

"இது?"

"அதுவும்தான்."

அடுத்த வரிசையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார்.

"இதுக்குப் புள்ளி வெச்சிருக்கீங்க."

"அது தேறும்."

ரெஜினா இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திருமாறன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திட்டுகள் எல்லாம் ஒரே அளவு. ஒரு பக்கம் புள்ளி இருந்தது, இன்னொரு பக்கம் இல்லை.

"மருந்து போட்ட தட்டுன்னு..." என்று இழுத்தார்.

"ஒரு தட்டுலயும் நான் மருந்து போடலை, டாக்டர். மருந்தைக் கரைக்கிற திரவத்தை மட்டும்தான் எல்லாத்துலயும் ஊத்தினேன். லேபிள்தான் வேற வேற."

திருமாறன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கோபம் வந்தது. வந்த கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

"என்னை ஏமாத்திட்டீங்க."

"ஆமா. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டீங்களே."

செல் வளர்க்கும் இன்குபேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. திருமாறன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அப்போ என் மருந்து எதுக்கும் ஆகாதா மேடம்?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது. அடுத்த வாரம் மருந்து போட்டே வைப்போம். லேபிளை நான் மறைச்சுடறேன், நீங்க எண்ணுங்க."

"அடுத்த வாரம் போட்டா, எண்ண இன்னும் எத்தனை நாள் ஆகும்? அவனுக்கு நாளைக்குக் காலையில கீமோ."

"ஆமா. நாளைக்குத்தான்."

மேசைமேல் ஃபோன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. திரையில் தம்பியின் பெயர். திருமாறன் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார்.

"என்னன்னு சொல்றது அவன்கிட்ட? என் வாயையே பார்த்துக்கிட்டிருக்கான்."

ரெஜினா ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தட்டை எண்ணினது செழியனோட அண்ணன். ஃபோனையாவது டாக்டர் எடுக்கட்டும்."