உயிரோடு இருந்தவனுக்கு நட்ட கல்

முன்னொரு காலத்தில் ஆம்பல்நாட்டை மருதங்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. அவனோடு காலம் தள்ளுவதற்குள் அரண்மனைக்காரர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்த நாட்டில் கடுங்கையன் என்று ஒரு வீரன். ஒற்றை ஆளாக நின்று யானைப் படையைத் திருப்பி ஓட்டியவன். அவனைக் கேட்டுக்கொண்டுதான் எமனே போர்க்களத்துக்குள் நுழைவான் என்று பாணர்கள் பாடுவார்கள். அவனோ இப்போது ஆற்று மணலில் வெள்ளரி போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கடைசிப் போர் முடிந்த அன்று, களத்தில் மகனைத் தேடி வந்த ஒரு தாய், ஆள் யாரென்று தெரியாமல் அவனையே துணைக்குக் கூப்பிட்டாள். அவனும் கூடவே போய்ப் பிணங்களைப் புரட்டிக் காட்டினான். மகன் கிடைத்தான். அவன் மார்பில் குத்தி நின்றது கடுங்கையனின் வேல். அதன்பிறகு அவன் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. கடுங்கையன் சண்டை போடுவதைப் பார்க்கவேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பினான். கடுங்கையன் வந்து கைகூப்பி, இனி தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டான்.

தளபதி மழவரையருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். படையை நடத்துவது இவர், பாட்டெல்லாம் அவனுக்கு. இந்தச் சமயத்தை விடுவாரா?

“ஆயுதம் எடுக்காத வீரன் செத்தவன்தானே, மகாராஜா? செத்தவனுக்குக் கல் நடுவோம். இவனுக்கும் ஒன்று நட்டுவிடலாமே” என்றார்.

சபை குலுங்கிச் சிரித்தது. போரில் விழுந்தவனுக்குப் பெயர் வெட்டிக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் வார்த்துக் கும்பிடுவது அந்த நாட்டு வழக்கம். கும்பிட்டாகிவிட்டால் அவன் தெய்வம். ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. அமைச்சர் பூதனார் மட்டும் சிரிக்கவில்லை. நடுவதென்றால் முறைப்படி நடவேண்டும், ராஜா கையாலேயே கள் வார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படியே நடந்தது. தன் பெயர் வெட்டிய கல்லுக்கு ராஜா கும்பிடு போடுவதைக் கூட்டத்தில் நின்று கடுங்கையன் பார்த்தான்.

கொஞ்ச நாளில், பேருருவன் என்ற பக்கத்து நாட்டு மல்லன் கோட்டை வாசலில் வந்து உட்கார்ந்தான். கடுங்கையனை வெல்லாமல் ஊர் திரும்பமாட்டேன் என்றான். ராஜாவின் மனசு மாறிவிட்டது. ஒன்று கடுங்கையன் சண்டைக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் அவன் தலை போகும் என்று உத்தரவு போட்டான்.

கடுங்கையனைச் சபைக்கு வரவழைத்தார்கள். தலை போவதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. சண்டையில் இறங்கிவிட்டால் கை பழசை மறந்திருக்காது என்பதுதான் பயம். தலையையே கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தான்.

அப்போது பூதனார் எழுந்தார். “யாரை அனுப்பப் போகிறீர்கள், மகாராஜா?”

“இதோ நிற்கிறானே, கடுங்கையன்.”

“அவர் காலமாகிவிட்டாரே. உங்கள் கையால்தானே கள் வார்த்தீர்கள்?”

“அது விளையாட்டுக்கு ஐயா.”

“ராஜா கும்பிட்டது பொய் என்று ஊருக்குத் தெரிந்தால் மற்றக் கற்களை யார் மதிப்பார்கள்? நாளைக்கு உங்களுக்காக எவன் உயிரைக் கொடுப்பான்?”

ராஜா மெல்ல மழவரையர் பக்கம் திரும்பி, நீர் போகிறீரா என்று கேட்டான். அவரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து ஒரே குடைச்சல் என்றார்.

“ஆயுதம் எடுக்காதவன் செத்தவன் என்றீரே. உமக்கும் ஒரு கல் சொல்லிவிடட்டுமா?” என்று ராஜா கேட்டான். இந்தத் தடவை சபை சிரித்தது தளபதியைப் பார்த்து.

பூதனார் வாசலுக்குப் போய் மல்லனைக் கல்லிடம் அழைத்து வந்தார். கடுங்கையன் ஒருவனுக்காகத்தான் அத்தனை தூரம் வந்தேன், வேறு யாரை ஜெயித்து என்ன பிரயோசனம் என்று பேருருவன் வருத்தப்பட்டான். கழுத்து மாலையைக் கழற்றிக் கல்லுக்குப் போட்டுவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தான்.

ராஜா தன் பட்டுச் சால்வையை எடுத்துப் பூதனாருக்குப் போர்த்தினான். தினமும் அந்தக் கல்லுக்கு விளக்கேற்றும் வேலையைத் தளபதிக்குக் கொடுத்தான். பிறகு கடுங்கையனிடம், என்ன வேண்டுமானாலும் கேள் என்றான்.

“நான் கொன்ற ஒவ்வொருவனுக்கும் அழ ஒரு ஆள் இருந்தது, மகாராஜா. இந்தக் கல்லில் இருக்கிறவனுக்கு யாரும் அழவில்லை. நான் கொஞ்ச நேரம் அழுதுகொள்ளட்டுமா?”

ராஜா தலையை அசைத்தான்.

கடுங்கையன் கல்லின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பொழுது சாயும்வரை அழுதான். தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த ஒரு பெண் மனசு கேளாமல் நின்றாள்.

“செத்தவரு உங்களுக்குச் சொந்தமா அண்ணே?”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“கூடவே இருந்தவன் தாயி. இனிமே வரமாட்டான்.”