சகலையின் கம்ப்யூட்டர்

பாளையங்கோட்டையில் ஸ்டெல்லா டீச்சரிடம் கம்ப்யூட்டர் படித்தவர்களில் வயதில் மூத்தவர் இசக்கியப்பன். டீச்சரைவிடப் பத்து வயது கூடுதல். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வியாழக்கிழமை அவர் ஆட்டோவில் இரண்டு கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று அவருடையது. மற்றது அவர் சகலை பொன்னுலிங்கத்தினுடையது. மாமனார் இரண்டு மருமகன்களுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிக் கொடுத்தவை.

“ஒரே மாதிரியாம்,” என்றார் இசக்கியப்பன். “வெளியிலதான். உள்ள எனக்கு மட்டம், அவனுக்கு ஒசத்தி.”

“யார் சொன்னா?”

“அவனேதான். பொங்கலுக்கு மாமனார் வீட்டுல வச்சு. பொத்தானை அமுக்கிட்டு ஒரு மடக்கு தண்ணி குடிச்சா ரெடியா நிக்குங்கான். என்னது, நான் ஒரு செம்பு குடிச்சாலும் எழும்ப மாட்டேங்குது.”

“அவரோடதை எப்படிக் கொடுத்தார்?”

“கேட்டேன். கழத்திக் கொடுத்துட்டான். எதுக்குன்னுகூடக் கேக்கலை. அவ்வளவு திமிரு.”

டீச்சர் சிரிக்கவில்லை. “நான் என்ன செய்யணும்?”

“அளந்து சொல்லுங்க. எனக்கு உள்ளது மட்டம்னா, இதைக் கொண்டுபோய் மாமனார் வீட்டு வாசல்ல வச்சுட்டு வந்துருவேன். ஞாயித்துக்கிழமை பொன்னுலிங்கம் மகளுக்குக் காதுகுத்து. நானும் போகமாட்டேன். என் வீட்டுக்காரி செண்பகத்தையும் விடமாட்டேன்.”

“சொந்தத் தங்கச்சி பிள்ளைக்கு. அக்கா என்ன சொல்லுதாங்க?”

“ரெண்டு நாள் அழுதா. இன்னைக்குப் பேச்சே இல்லை.”

டீச்சர் இரண்டையும் மேசையில் வைத்து இணைத்தார். ஒரு கோடி பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் வேலையை இரண்டுக்கும் கொடுத்தார். இசக்கியப்பன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சகலையின் கம்ப்யூட்டர் நாற்பத்தொரு விநாடியில் முடித்தது. அவருடையது அறுபத்தெட்டு.

“பாத்தீங்களா. மூத்த மருமகன்னா இளக்காரம்.” அவர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

டீச்சர் இரண்டின் மூடியையும் திறந்தார். உள்ளே அச்சிட்டிருந்த எண்களை அவரையே வாசிக்கச் சொன்னார். வாசித்தார். ஓர் எண்கூட மாறவில்லை.

“கடைக்காரன் நம்பரைக்கூடப் பொய்யா அடிச்சிருக்கான்,” என்றார்.

டீச்சர் மூடிவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். அந்த நேரத்தில் உள்ளே ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வந்தது. நீளமான பட்டியல்.

“இது என்ன, அண்ணாச்சி?”

“அது வேகம் பாக்குறது.”

“அடுத்தது?”

“முதல்ல உள்ளது சரியாச் சொல்லுதான்னு பாக்குறது.”

“இது?”

“எழும்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தினமும் குறிச்சு வைக்கும். கீழ இருக்கறது எங்க தாமதம்னு தேடும். அதுக்குக் கீழயும் அந்த மாதிரிதான்.”

“எப்போ போட்டீங்க?”

“பொங்கல் முடிஞ்சு வந்த அன்னைக்கு. அதுவரைக்கும் ஒழுங்காத்தான்…” அவர் நிறுத்தினார்.

டீச்சர் சகலையின் கம்ப்யூட்டரில் அதே மூன்று விசைகளை அழுத்தினார். பட்டியலில் இரண்டே வரி.

பிறகு இசக்கியப்பன் போட்டு வைத்திருந்த ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஒரு கோடி பெயர்களை மறுபடி கொடுத்தார். இரண்டு திரையும் ஒரே நேரத்தில் வேலையை முடித்து நின்றன. எது முந்தியது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

இசக்கியப்பன் கடிகாரத்தைப் பார்க்க மறந்திருந்தார். அது தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

“சரி டீச்சர். எல்லாத்தையும் எடுத்துட்டீங்கன்னா, இனிமே அவனோடது முந்துதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் சகலையின் கம்ப்யூட்டரைப் பெட்டியில் வைத்து, அவர் கையில் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை காதுகுத்துப் பந்தியில உங்க சகலை அடுத்த இலையிலதான் உக்காருவாரு, அண்ணாச்சி. கேட்டுக்கிடுங்க.”