பரிவட்டத்துக்கு இரண்டு தலை

ஏரியைக் காக்க ராஜா ஒரு வாரியம் வைத்தார். அதில் யாரும் தலையிடக் கூடாதென்று உத்தரவும் போட்டார். ஒருநாள் கரை கசியத் தொடங்கியது. கரையடியில் குடியிருந்த செம்பாயி வாரியத் தலைவரிடம் ஓடினாள்.

“மந்திரி சொல்லாமல் மண்வெட்டியைத் தொடமாட்டோம்” என்றார் அவர்.

மந்திரியோ, “வாரியம் தனி. நான் தலையிட முடியாது” என்றார்.

இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஆடுகிறார்களோ என்று செம்பாயிக்குச் சந்தேகம். நேரே ராஜாவிடம் போனாள்.

“யார் பொறுப்பு என்று நீயே நிரூபி. இல்லாவிட்டால் உனக்குக் கசையடி” என்றார் ராஜா.

செம்பாயி எல்லோரையும் கரைக்கு வரவழைத்து, ஒரு பட்டுத்துணியை உயர்த்திக் காட்டினாள். “ஏரியைக் காக்கிறவருக்கு மகாராசா கையால பரிவட்டம்!”

தலைவர் பாய்ந்து ஒரு முனையைப் பிடித்தார். மந்திரி மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.

“கரை கசியுதுங்க சாமி, யாரு அடைக்கிறது?” என்று கேட்டாள் செம்பாயி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். துணி சேற்றில் விழுந்தது.

“எங்க ஏரியும் இப்படித்தான் கிடக்குது, மகாராசா.”

ராஜா அந்தத் துணியாலேயே இருவர் கையையும் சேர்த்துக் கட்டி, மண்வெட்டியைக் காட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

செம்பாயி மட்டும் கிட்டே போய், முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.