விபூதி பூசிய சுழல்தண்டு

அனல்மின் நிலையத்தில் டர்பைனின் சுழல்தண்டு பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது.

"இன்னும் பத்து வருஷம் உழைக்கும், ஓட்டுங்க" என்று கம்ப்யூட்டர் கணக்கைக் காட்டினார் தலைமைப் பொறியாளர் ரகோத்தமன்.

"இரும்பு களைச்சுப் போச்சுங்க ஐயா, விரிசல் விட்டிருக்கு" என்றார் எண்ணெய் போடும் பூங்காவனம்.

"எங்கேய்யா விரிசல்? காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வீட்டுல இரு."

பூங்காவனம் தண்டைப் பளிச்சென்று துடைத்தார். ஆயுத பூஜையில் மீந்த விபூதியை அதன்மேல் பூசினார்.

"பூஜை போட்டா விரிசல் தெரியுமோ?" ரகோத்தமன் சிரித்தார்.

சற்று நேரத்தில் விரிசலுக்குள் தங்கியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளை விபூதியில் கறுப்புக் கோடாய் எழுந்தது. சிரிப்பு நின்றது.

பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, நாளையிலிருந்து வீட்டுல இருக்கப்போறது நானா, இந்தத் தண்டா?"