திரையில் விழுந்த தொப்பை

மாந்தோப்புச் சீமையை ஆண்ட வீரமல்ல பூபதிக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. அரண்மனை வாசலில் துக்காராம் ராவின் தோல்பாவைக் கூத்து நடந்த அன்று அவர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று உருண்டு, பக்கத்துச் சீமைத் தூதரின் மடியில் போய் உட்கார்ந்தது. தூதர் அதை இரண்டு கையாலும் எடுத்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதையைத்தான் தானாபதி அகிலாண்டம் பிள்ளையால் தாங்க முடியவில்லை.

தானாபதி என்றால் ராஜாவுக்கு அடுத்த அதிகாரம். மறுநாளே தம்முடைய நீண்ட மூக்கை உயர்த்திக்கொண்டு சபையில் எழுந்து நின்றார். ஆட்டுத்தோலை வெட்டிச் சாயம் பூசி விளக்கு வெளிச்சத்தில் ஆட்டினால் குழந்தைகள் சிரிக்கலாம், மீசை வைத்தவர்கள் சிரிக்கலாமா என்று கேட்டார். தளவாய் சூரப்ப நாயக்கரும் தம்முடைய பெரிய மீசையைத் தடவிக்கொண்டே, கேவலம்தான் என்றார். முந்தின நாள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, சொம்புத் தண்ணீர் குடித்தவர் அவர்.

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. உடனே தண்டோரா போட்டார்கள். பாவைக்கூத்து இனிமேல் குழந்தைகளுக்கு மட்டும். மீசை முளைத்தவனோ தாலி ஏறியவளோ கூத்துப் பார்த்தால் கழுதைமேல் ஊர்வலம்.

துக்காராம் ராவ் ஓடிவந்து நின்ற இடம் குப்பையாண்டியின் வீடு. குப்பையாண்டி சபையின் விகடகவி. பிள்ளை தங்க வேண்டும் என்று பெற்றவர்கள் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர் அது. தங்கிவிட்டான், வாய் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட்டது என்பார் தானாபதி.

"குழந்தைங்க கொண்டுவர்றது கொடுக்காப்புளியும் பாதி கடிச்ச முறுக்கும் சாமி. அத வச்சு எங்க குடும்பம் எத்தன நாள் ஓடும்? மூட்டையக் கட்டிட வேண்டியதுதான்" என்றார் ராவ்.

குப்பையாண்டி உடனே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். ராவுக்காக மட்டும் இல்லை. அந்தக் கூத்து இல்லாமல் இந்தச் சபையை எப்படிச் சகித்துக்கொண்டு காலம் தள்ளுவது என்பதுதான் அவனுடைய பெரிய கவலை.

ராஜாவிடம் போனான். கூத்துப் பெரியவர்களுக்கும் உரியதுதான் என்று நிரூபிக்கிறேன் என்றான். ராஜா சம்மதித்தார். ஆனால் அமாவாசைக்குள் நிரூபிக்காவிட்டால் ராவை ஒரு கழுதையிலும் அவனை இன்னொரு கழுதையிலும் ஏற்றி எல்லை தாண்டி விட்டுவிடுவதாகச் சொன்னார். தானாபதி அப்போதே நல்ல கழுதைகளாகப் பார்த்து லாயத்தில் கட்டச் சொல்லிவிட்டார்.

குப்பையாண்டி ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டான். அவன் எதிர்பார்த்தபடியே முதலில் வந்தவர் தளவாய். குழந்தைகள் கூடுகிற இடமாயிற்றே, பாதுகாப்பு எப்படி என்று மறைவாகச் சோதிக்க வேண்டுமாம். அடுத்து வந்தவர் தானாபதி. கூத்தில் பிள்ளைகளைக் கெடுக்கிற பேச்சு இருக்கிறதா என்று தாமே காதால் கேட்க வேண்டுமாம். கடைசியில், கொல்லைப்புற வழியாக, முக்காடு போட்டுக்கொண்டு ராஜாவே வந்தார். கூத்துப் பார்த்துவிட்டு வரும் இளவரசி தூக்கத்திலும் சிரிக்கிறாள், அது என்ன வியாதி என்று பார்க்க வேண்டுமாம்.

மூவருக்கும் தனித்தனியாக ஒரே பதில் சொன்னான். திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். பின்னால் நின்றால் யாருக்கும் தெரியாது. விளக்கு திரையை ஒட்டி, ராவின் மூக்குக்கு நேரே தொங்கும். அவர் முதுகுக்குப் பின்னால் கும்மிருட்டு. கறுப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு இருமாமல் நின்றால் போதும்.

அமாவாசை அன்று விளக்கு வைத்ததும் கூத்து தொடங்கியது. முன்னால் ஊர்க்குழந்தைகள், நடுவில் இளவரசி பங்கஜவல்லி. பின்னால் இருட்டில் மூன்று கம்பளிகள். ஒவ்வொரு கம்பளியும் தான் மட்டும்தான் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

திரையில் குண்டன் ஒருவன் மாட்டுச் சாணத்தில் வழுக்கி விழுந்தான். குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். அவன் எழுந்து, பெண்டாட்டியிடம், போர்க்களத்தில் பத்துப் பேரை வீழ்த்திவிட்டு வருவதாகச் சொன்னான். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"பத்துப் பேர வெட்டினவரே, நேத்துப் பல்லி விழுந்ததுக்கு என் முந்தானைக்குள்ள வந்து ஒளிஞ்சது யாரு?"

குழந்தைகள் யாரும் சிரிக்கவில்லை. குண்டன் மறுபடி எப்போது விழுவான் என்று காத்திருந்தார்கள். ஆனால் திரைக்குப் பின்னால் மூன்று இடத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. ஒருவர் சிரிப்பைக் கேட்டு இன்னொருவர் திடுக்கிட்டு, திடுக்கிட்ட பிறகும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். தளவாய்க்கு விக்கல் வந்துவிட்டது.

குப்பையாண்டி விளக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தான். அவர்களுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுவர் ஆணியில் மாட்டினான்.

திரை முழுவதும் புதிய பாவைகள். ஒரு நீண்ட மூக்கு. இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி ஒரு மீசை, விக்கலுக்கு விக்கல் குதித்தது. நடுவில் பெரிய தொப்பை ஒன்று, குலுங்கிக்கொண்டே இருந்தது.

இளவரசி எழுந்து நின்று பார்த்தாள்.

"அப்பா பொம்மை அவ்வளவு நல்லாயில்ல. தொப்பைய மட்டும் அச்சு அசலா வெட்டியிருக்காங்க."

ஊர்ப்பிள்ளைகள் கைதட்டினார்கள். ராஜா கம்பளியை உதறிவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

"குப்பையாண்டி, நாங்க கூத்துப் பார்க்க வரல. சோதிக்க வந்தோம்."

"தெரியும் மகாராஜா" என்றான் குப்பையாண்டி பணிவாக. "பார்த்தது குழந்தைங்க. நீங்க மூணு பேரும் ஆடினீங்க. ஆடக் கூடாதுன்னு தண்டோராவுல இல்ல. ஆனா பல்லி விழுந்த கதைக்குச் சிரிச்சது குழந்தைங்க இல்லையே. அது யாருக்காகச் சொன்ன கதைன்னு மட்டும் நீங்களே தீர்ப்புச் சொல்லிடுங்க. இல்லைன்னா லாயத்துல ரெண்டு கழுதைதான் நிக்குது, இன்னொண்ணுக்குச் சொல்லி அனுப்பணும்."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பாகை உருண்டது. இந்த முறை தானாபதியே அதைப் பிடித்தார். ராவ் குடும்பத்துக்கு அரண்மனை வாசலிலேயே நிரந்தரமாகக் கூத்துக்கொட்டகை போட்டுக் கொடுக்க உத்தரவாயிற்று.

மறுநாள் புதுத் தண்டோரா போட்டார்கள். கூத்தைச் சிறியவர், பெரியவர் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் எல்லாரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பின்னால் போய் நிற்கிறவர்களுக்குத்தான் கழுதை.

அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்பே வந்து, முதல் வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் தானாபதி அகிலாண்டம் பிள்ளை.